சித்தப்பா ஏறாத ரோப் கார்

எங்கள் வீட்டில் யாராவது எதற்காவது பயந்தால் உடனே சித்தப்பாவை இழுத்துவிடுவார்கள். தம்பி கரப்பான்பூச்சியைப் பார்த்து அலறினாலும் சரி, அம்மா லிஃப்டுக்குள் நுழையத் தயங்கினாலும் சரி, அப்பா தவறாமல் ஆரம்பிப்பார்: "என் தம்பி அந்நிய நாட்டுல, மலைக்கும் மலைக்கும் நடுவுல, அந்தரத்துல வண்டி ஓட்டுறான். நீங்க என்னடான்னா..." அந்த வாக்கியத்தை அவர் ஒரு நாளும் முடித்ததில்லை. முடிக்காமல் விட்டால்தான் எங்களுக்கு உறைக்கும் என்று அவர் நினைப்பு.

அந்தரத்து வண்டி என்பது ரோப் கார். சித்தப்பா வேலை பார்ப்பது ஒரு மலை ஊரில். அவர் அனுப்புகிற போட்டோக்களில் எல்லாம் ஒரு கால் பெட்டியின் படியில் இருக்கும், இன்னொரு கால் தரையில் இருக்கும். ஒரு கை இடுப்பில். போருக்குப் புறப்படுகிற ராஜா மாதிரி முகம். அப்பா அதில் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அதைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

நான் மேற்படிப்புக்காக அதே நாட்டுக்கு வந்தேன். என் கல்லூரி இருந்த நகரத்துக்கும் சித்தப்பாவின் ஊருக்கும் நடுவே பாதி நாள் பஸ் பயணம். என் அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குப்பைத் தொட்டி தெரியும். சொந்தச் சமையலில் நாக்கு செத்துப் போயிருந்தது. அதனால் சித்தப்பா போன் செய்து, "இந்தச் சனி ஞாயிறு இங்க வந்துடு பாப்பா, கண்டிப்பா வரணும்" என்று குழைந்தபோது நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். என் சித்தப்பா குழைகிற ஆள் இல்லை. போனில் பேசினால், நலமா என்று கேட்பதற்குள் வைத்துவிடுகிற ஆள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் நிலையத்தில் எனக்காகக் கம்பளித் தொப்பி ஒன்றும் கையுறை ஒரு ஜோடியும் வைத்துக்கொண்டு நின்றார். என் பையை அவரே தூக்கிக்கொண்டார். வழியில் என் படிப்பைப் பற்றி விசாரித்தார். நான் சொன்னதற்கெல்லாம் "பலே, பலே" என்றார். புள்ளியியலில் யாரும் பலே என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் பசி அதை அமுக்கிவிட்டது.

அவர்கள் வீடு ஒரு செருப்புக் கடைக்கு மேலே. இரண்டு அறை, ஒரு சமையலறை. தோலும் பசையும் கலந்த வாசனை படியேறி வந்து வரவேற்கும். சமையலறை ஜன்னலில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரைக்கும் ரோப் காரின் கம்பி தெரியும். சித்தி பாத்திரம் கழுவிக்கொண்டே பெட்டி போவதையும் வருவதையும் பார்ப்பாள். சித்திக்கும் அங்கேதான் வேலை, கீழ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர். ஒல்லி உடம்பு, சிவப்பு ஸ்வெட்டர், ஒரே மூச்சில் நாலு விஷயம் பேசுகிற வாய். நான் போன நேரம் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்தாள். சித்தப்பா கீழே நின்று ஸ்டூலைப் பிடித்திருந்தார். அதைப் பிடித்திருந்த விதத்தில் யார் யாருக்குத் துணை என்று சொல்ல முடியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் இரண்டு முட்டை. படுக்க அவருடைய கட்டில். காலுக்கு வெந்நீர்ப் பை. எனக்கு மூக்கில் வியர்த்தது. எங்கள் குடும்பத்தில் இவ்வளவு உபசாரம் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களுக்குக்கூட நடந்ததில்லை.

மறுநாள் காலையில் சித்தி கவுண்டரைத் திறக்க முன்னதாகக் கிளம்பிப் போனாள். அவள் செருப்புச் சத்தம் தெருவில் ஓய்ந்ததும் சித்தப்பா கதவைச் சாத்தினார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலையைத் தடவினார். முடி போன தலையாதலால் தடவுவதில் ஒரு பளபளப்பு இருந்தது.

"பாப்பா, எனக்கு உயரம் ஒத்துக்காது."

நான் டீயை விழுங்க மறந்தேன்.

கொட்டித் தீர்த்துவிட்டார். அவர் முதலில் அங்கே சேர்ந்தது சாமான் அறையில், கம்பிக்குப் போடும் கிரீஸ் டப்பாக்களை அடுக்குகிற வேலைக்கு. அப்புறம் மெல்ல மெல்ல மெஷின் பழகி, கண்ட்ரோல் அறைக்கு வந்து, தலைமை ஆபரேட்டர் ஆனார். கண்ட்ரோல் அறை கீழ் நிலையத்தில், கெட்டியான தரையில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து கைப்பிடியைத் தள்ளினால் பெட்டி நகரும், இழுத்தால் நிற்கும். ரோப் கார் ஓட்டுகிறவன் ரோப் காரில் ஏற வேண்டிய அவசியமே இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட ஏறவில்லை. யாராவது கேட்டால், ஓட்டுகிறவன் இடத்தை விட்டு நகரக் கூடாது, அது சட்டம் என்று சொல்லிவிடுவார். அப்படி ஒரு சட்டம் எந்த நாட்டிலும் கிடையாது. சித்தப்பா இயற்றியது.

இப்போது வந்த ஆபத்து என்னவென்றால், திங்கட்கிழமையிலிருந்து மேல் நிலையத்தில் வைத்திருக்கிற கம்ப்யூட்டரே மெஷினை ஓட்டப் போகிறது. கண்ட்ரோல் அறையை மூடுகிறார்கள். மெக்கானிக்குக்குப் பழுது பார்க்கிற வேலை இருக்கிறது, அவனுக்குக் கவலையில்லை. ஆபரேட்டர்கள் மட்டும் இனிமேல் பெட்டிக்குள்ளேயே நின்று கதவைச் சாத்தி, ஆட்களை ஒழுங்குபடுத்தி, மேலேயும் கீழேயும் போய்வர வேண்டும். முடியாது என்பவர்களுக்கு நகரத்துக் கிடங்கில் வேலை. போனால் இந்த வீடு போச்சு, சித்தியின் வேலையும் போச்சு. சித்திக்கு இந்த ஊர் என்றால் உயிர். "அவளை அந்தக் கிடங்குப் பக்கம் கூட்டிட்டுப் போனா வாடிப் போயிடுவா" என்றார், தலையை மறுபடி தடவியபடி.

அதனால் திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரே ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துவிட வேண்டும். தனியாக முடியாது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் ஊரே சிரிக்கும். சித்தியைக் கூப்பிட முடியாது, அவள் மனசில் அவர் வேறு மாதிரி ஆள். ஆகவே நான்.

பாதி நாள் பஸ்ஸில் குலுங்கி வந்தவளை, முட்டையும் வெந்நீரும் கொடுத்து, பலி ஆடு மாதிரி தயார் செய்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேட்டேவிட்டேன், உங்கள் அண்ணன் மகன் ஒருத்தன் இருக்கிறானே, அவனைக் கூப்பிட வேண்டியதுதானே என்று.

"அவன் கரப்பான்பூச்சிக்கே பயப்படுறவன். நீ சின்ன வயசுலயே பொருட்காட்சி ராட்டினத்துல அழாம சுத்தினவ."

அது உண்மை. அன்றைக்கு அவர் கீழே நின்று என் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது ஏன் என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சித்தி கவுண்டரில் மும்முரமாக இருப்பாள் என்று கணக்குப் போட்டு, பின்வாசல் வழியாக நிலையத்துக்குள் நுழைந்தோம். கண்ட்ரோல் அறையில் மெக்கானிக் இருந்தான். எல்லோரும் அவனை மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். இருந்ததே அது ஒன்றுதான், ஆள் அதற்குப் பின்னால் எங்கேயோ இருந்தான். சித்தப்பா அவனிடம், மேலே ஒரு ஆய்வு இருக்கிறது, கொஞ்ச நேரம் நீ ஓட்டு என்றார். மீசை எழுந்து நின்று சரிண்ணே என்றான். ஆய்வு என்ற சொல்லுக்கு எந்த நாட்டிலும் தனி மரியாதை.

இந்த ரோப் காரின் அமைப்பை இங்கே சொல்லிவிட வேண்டும். மொத்தம் இரண்டே பெட்டி. இரண்டும் ஒரே கம்பியில் மாட்டியவை. கிணற்று ராட்டினத்தில் இந்தப் பக்கம் ஒரு வாளி, அந்தப் பக்கம் ஒரு வாளி கட்டின மாதிரி, ஒன்று மேலே போனால் இன்னொன்று கீழே வந்தாக வேண்டும். ஒன்றின் வேகம்தான் மற்றதின் வேகம். பாதி வழியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து விலகிப் போகும்.

பெட்டிக்குள் எங்களைத் தவிர ஒரு புது ஜோடி இருந்தது. கதவு சாத்திக்கொண்டது. பெட்டி மேடையை விட்டு ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. திரும்பிப் பார்க்கிறேன், சித்தப்பாவைக் காணோம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடி, என் இரண்டு கணுக்காலையும் பிடித்திருந்தார். பேயறைந்த முகம். அந்தப் பெண் பயந்துபோய் இவருக்கு என்ன என்று கேட்டாள்.

"தரையைப் பரிசோதிக்கிறார். இவர்தான் தலைமை ஆபரேட்டர்" என்றேன்.

அந்தப் பதவியைச் சொல்லியிருக்கக் கூடாது. சித்தப்பாவுக்குத் தன் அதிகாரம் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு கையை மட்டும் என் காலிலிருந்து எடுத்துச் சுவரில் துழாவி, கீழே பேசுகிற மைக்கைப் பறித்தார்.

"மீசை, பாதி வேகத்துல ஓட்டு."

பாதி வேகமானது.

"அதுலயும் பாதி."

மீசை கேள்வி கேட்கிற ரகம் இல்லை. அண்ணன் சொன்னால் சொன்னதுதான். பெட்டி ஊர ஆரம்பித்தது. கீழே ஒரு மாடு புல் மேய்ந்துகொண்டிருந்தது. அது மேய்ந்து முடித்து, படுத்து, அசைபோட ஆரம்பித்தும் நாங்கள் அதன் தலைக்கு மேலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தோம். புது ஜோடிக்குப் பேச்சு தீர்ந்து, இரண்டு பேரும் தனித்தனி ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நிமிர்ந்து உட்காருங்கள், வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள் என்று நான் பல்லைக் கடித்துச் சொன்னேன். இன்னும் ரொம்பத் தூரமா என்று மட்டும் கேட்டார். மெதுவாகப் போனால் அந்தரத்தில் இருக்கிற நேரம்தான் கூடும் என்கிற சின்னக் கணக்கு, மெஷினைக் கரைத்துக் குடித்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. பயம் வந்தால் கணக்கு எழுந்து வெளியே போய்விடும் போல.

அந்தச் சமயத்தில்தான் எதிர்ப்பெட்டி வந்தது. அதுவும் ஊர்ந்துதான் வந்தது, வேறு வழியில்லை. உள்ளே திருவிழாக் கூட்டம் மாதிரி ஜனம். எல்லோரும் எரிச்சலோடு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, எந்தப் புண்ணியவானால் இந்தத் தாமதம் என்று எங்கள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் சிவப்பு ஸ்வெட்டர்.

கவுண்டரில் இருக்க வேண்டிய சித்தி அங்கே எப்படி வந்தாள் என்று பிறகு தெரிந்தது. மேல் நிலையத்தில் டிக்கெட் தாள் தீர்ந்துவிட்டதாம், பக்கத்துப் பெண்ணை உட்காரவைத்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்புகிறாள். சித்தி கண்ணாடியில் மூக்கை ஒட்டி, சின்னப் பிள்ளை மாதிரி வேடிக்கை பார்த்தபடி வந்தாள். முதலில் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தாள். அப்புறம் பார்வை கீழே இறங்கியது. வழுக்கைத் தலை, என் காலைப் பிடித்த கை, மூடின கண், எல்லாவற்றையும் பார்த்தாள்.

பார்த்தவள் சட்டென்று திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கத்து ஜன்னலை நோக்கி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பெட்டி முழுக்க எங்களையே வெறித்தது, ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை. இரண்டு பெட்டியும் விலகிப் போகிறவரைக்கும் அவள் தலை அசையவே இல்லை. எனக்கு அதுவரைக்கும் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கண் கரித்தது.

"எதிர்ப்பெட்டி போயிடுச்சா?" என்றார் சித்தப்பா.

"போயிடுச்சு."

"தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தாங்களா?"

"ஒருத்தரும் இல்ல" என்றேன்.

மேல் நிலையத்தில் காலை வைத்ததும் ஆள் மாறிவிட்டார். கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்தார், ஒரு தூணை உதைத்துப் பார்த்தார், காவலாளியிடம் எண்ணெய் போடச் சொன்னார். ஒன்றுமே இல்லை பார்த்தியா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். இறங்குகிற நேரம் வந்தபோது, நடந்து போக ஏதாவது பாதை இருக்கிறதா என்று காவலாளியிடம் தனியாக விசாரிப்பது காதில் விழுந்தது. பாதையில் மண் சரிந்து மூடிவிட்டதாம். இந்த ஊர் மலையையே ஓட்டுகிற என் சித்தப்பா, மேலே குடித்தனம் வைக்க வீடு கிடைக்குமா என்று கேட்காததுதான் பாக்கி.

நான் கையைப் பிடித்து இழுத்துப் பெட்டிக்குள் ஏற்றினேன். மைக் பக்கம் அவர் கை போகாமல் நடுவில் நின்றுகொண்டேன். இறங்குகிற பயணம் வழக்கமான வேகத்தில் நடந்தது. அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி வந்தார். சாமி பெயர் என்று நினைத்தேன், குனிந்து கேட்டால் மெஷின் பாகங்களின் பெயர்.

கீழே கவுண்டர் ஜன்னலில் சித்தி உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள், காலையிலிருந்து நகரவே நகராதவள் மாதிரி. எங்கே போயிட்டு வர்றீங்க என்று கேட்டாள். ஆய்வு என்றார் இவர். ஓ என்றாள். ஃபிளாஸ்கைத் திறந்து டீயை ஊற்றி, ரொம்பச் சர்க்கரை போட்டு, அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கும்போது கொஞ்சம் சிந்தியது. அதையும் அவள் பார்க்கவில்லை.

சாயங்காலம் சித்தப்பா கடைக்குப் போயிருந்தபோது சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"போறப்ப பூரா தரையிலயேதான் உக்காந்திருந்தாரா?"

மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. சித்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போட ஏணி வைத்து அவரை ஏறச் சொன்னபோதே தெரியுமாம். தெரிந்ததைக் காட்டிக்கொண்டால் மனுஷன் ஒடிந்துபோவார் என்று விட்டுவிட்டாளாம். அந்தச் சட்டம் இருக்கிறதே, ஓட்டுகிறவன் நகரக் கூடாது என்கிற சட்டம், அதை ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் அடித்துச் சொல்வது அவள்தான். திங்கட்கிழமைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அதை நான் பார்த்துக்கிறேன், நீ வாயைத் திறக்காம இருந்தால் போதும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டில் ரொட்டியை வைத்தபடியே பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கக் கூடாது. நாளையிலேருந்து பெட்டியில நான் போறேனே. நீங்க கவுண்டரைப் பாத்துக்கங்க. ஆபீசர்கிட்ட கேட்டேன், வீட்டுல சரின்னா எனக்கும் சரின்னுட்டார்."

சித்தப்பா ரொட்டியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு பெரிய பாரம் இறங்குவதையும், இறங்கியது தெரியாமல் இருக்க அவர் புருவத்தை நெரிப்பதையும் ஒரே சமயத்தில் பார்த்தேன்.

"தலைமை ஆபரேட்டர் டிக்கெட் கிழிக்கிறதா?"

"எனக்கு ஆசையா இருக்குங்க. இத்தனை வருஷமா ஜன்னல் வழியா மத்தவங்களை அனுப்பிக்கிட்டே இருக்கேன். ஒரு நாளாச்சும் நானே நாள் முழுக்கப் போய்ட்டுப் போய்ட்டு வரணும்னு தோணாதா?"

அது நடிப்பு இல்லை. அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. சித்தப்பாவும் அதைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, பெரிய மனசு பண்ணி, "சரி, உனக்காக விட்டுக்குடுக்கிறேன்" என்றார். எனக்குப் புரையேறியது. சித்தி என் தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, மேஜைக்கடியில் காலையும் மிதித்தாள்.

பஸ் நிலையத்துக்கு இரண்டு பேரும் வந்தார்கள். சித்தி எனக்குப் பழம் வாங்கப் போன இடைவெளியில் சித்தப்பா என் பக்கம் குனிந்தார்.

"தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னு பொய் சொன்னியே. பாதியில நான் ஒரு கண்ணைத் திறந்துட்டேன். அவ அந்தப் பக்கம் திரும்பி நின்னா. அந்தப் பக்கம் என்ன இருக்கு? மொட்டைப் பாறை. பாறையை எவளாச்சும் வேடிக்கை பாப்பாளா?"

நான் திருதிரு என்று விழித்தேன்.

"அவகிட்ட சொல்லிடாத. எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும். அவளுக்கு அது ஒரு நிம்மதி."

அதற்குள் சித்தி பழத்தோடு வந்தாள். ஜன்னல் வழியாகப் பையை நீட்டுகிற சாக்கில், அவர்கிட்ட ஒண்ணும் உளறலையே என்று கிசுகிசுத்தாள். இல்லை என்றேன். பஸ் கிளம்பியது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையசைத்தார்கள். இரண்டு பேரும் எனக்குக் கண்ணைக் காட்டினார்கள்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் போன் செய்தேன். சித்திதான் எடுப்பாள், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எடுத்தவர் சித்தப்பா. பின்னால் காற்று இரைந்தது. சித்தி எங்கே என்று கேட்டேன். இன்னும் இறங்கலை என்றார். நேரம் முடிந்துவிட்டது, கவுண்டரைக்கூட அடைத்தாயிற்று, கடைசியாக ஒரு தடவை என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கிறாளாம். காலையிலிருந்து தரையில் காலே படவில்லையாம். பெட்டியிலிருந்து கீழே இருக்கிறவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு போகிறாளாம்.

கவுண்டர் வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உட்காரவே முடியவில்லை என்றார். ஒவ்வொரு தடவை பெட்டி கிளம்பும்போதும் ஜன்னலை அடைத்துவிட்டு வெளியே வந்து பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்களாம். கழுத்து வலிக்கிறதாம்.

"சித்திக்கு ஒண்ணும் ஆகாது சித்தப்பா, கம்ப்யூட்டர்தானே ஓட்டுது" என்றேன்.

"அதான் பாப்பா. முன்ன அவ எப்ப மேல போனாலும் கைப்பிடி என் கையில இருக்கும். இப்ப எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுன்னு தெரியல."

அவர் போனை வைக்கவில்லை. சித்தி இறங்கி வருகிறவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.